தொடர்வதா, நிறுத்துவதா? ஆற்றுப்படுத்துநர் பயிற்சியின் பாதி வழியில் நிற்போருடன் ஒரு சிந்தனை

2025-ஆம் ஆண்டின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வெளிவந்தன. ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆற்றுப்படுத்துநர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் எனப் பணித்தது. சிறுவர் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் அவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்றும் அது கூறியது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி ஒருவர் 2023-இல் இறந்தது தொடர்பான வழக்கில் வந்த தீர்ப்பு இது. அடுத்த மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவிப்பு வெளியானது. உளவியல் உள்ளிட்ட நலவாழ்வுத் துறைப் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்டு பருவம் முதல் தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழிக் கல்வியாகவோ எந்த உயர்கல்வி நிறுவனமும் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம்.

முதல் செய்தி ஒரு கதவைத் திறந்தது. இரண்டாவது செய்தி அந்தக் கதவை நோக்கிப் போகும் வழிகளில் ஒன்றை அடைத்தது. இவற்றைப் பலர் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். ஆனால் நமது பங்குகளில் சிலருக்கு இவை வெறும் செய்திகள் அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிறு வகுப்புகளுக்குச் சென்று ஆற்றுப்படுத்துதல் பயிலும் ஆசிரியைகள், பணி ஓய்வுக்குப் பின் இதைத் தொடங்கிய மறைக்கல்வி ஆசிரியர்கள், சபைத் தலைமையால் அனுப்பப்பட்ட அருள்சகோதரிகள், பிள்ளைகள் வளர்ந்த பின் மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுத்த தாய்மார்கள் எனப் பலர் நம்மிடையே உள்ளனர். பாதி வழி வந்துவிட்ட இவர்கள் தங்களுக்குள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தொடர்வதா, நிறுத்துவதா?

இது அவர்களுடைய தனிப்பட்ட முடிவுதானே, நமக்கு என்ன என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அவர்கள் எப்படிப்பட்ட ஆற்றுப்படுத்துநர்களாக உருவாகிறார்கள் என்பது, நாளை அவர்கள் முன் போய் அமரப்போகும் நம் பிள்ளைகளையும் நம் குடும்பங்களையும் பொறுத்தது. எனவே அவர்களோடு சேர்ந்து நாமும் சிந்திப்போம்.

தேவை உண்மையானது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கண்டது. அக்குறைபாடுகளுக்கு ஏற்ப, 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமலே இருந்தனர்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்களை நாம் அறிவோம். தேர்வு முடிவு வரும் நாளில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளும் பிள்ளை, குடிக்கு அடிமையான கணவனைப் பற்றிப் பத்து ஆண்டுகளாக யாரிடமும் வாய் திறக்காத மனைவி, பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் பேச ஆளின்றித் தனித்திருக்கும் முதியவர் எனப் பலரும் ஞாயிறு திருப்பலியில் நம் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை, கன்னியாகுமரி கடற்கரைகளில் கண்ட துயரமும், பெருந்தொற்றுக் காலத்தில் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் இறுதி முத்தம் கூடக் கொடுக்க முடியாமல் உறவுகளைப் புதைத்தவர்களின் வேதனையும் நம்மில் பலரை உலுக்கின. 'ஏதாவது செய்ய வேண்டும்' என்ற எண்ணத்தோடுதான் பலர் இப்பயிற்சியில் சேர்ந்தனர். அந்த எண்ணம் நல்லது. அதைத் தூண்டியவர் தூய ஆவியார் என்று நம்புவதற்கும் நமக்கு இடமுண்டு.

நமது மொழி இப்பணிக்குத் தந்திருக்கும் பெயரும் சிந்திக்கத்தக்கது. 'கவுன்சிலிங்' என்றால் இன்றும் பலருக்குப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நாமோ 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறோம். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவருக்குத் தான் நடந்து வந்த வழியைச் சொல்லி அனுப்புவதே சங்க கால ஆற்றுப்படை. வழி சொல்பவர் அந்த வழியில் தாமே நடந்தவர் என்பதுதான் அங்கே முக்கியம். தான் நடக்காத வழியை அவர் பிறருக்குச் சொல்வதில்லை. பயிற்சி என்பது அந்த நடைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய, துணை நலவாழ்வு மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இதுவரை முறையான ஒழுங்குக்குள் வராத பல பணிகளைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. நடத்தைசார் நலவாழ்வுப் பிரிவில் ஆற்றுப்படுத்துநர்களும் அதில் அடங்குவர். இச்சட்டத்தின் வரையறைப்படி, துணை நலவாழ்வுப் பணியாளர் என்போர் குறைந்தது 2,000 மணி நேரம் கொண்ட பட்டயம் அல்லது பட்டப் படிப்பை முடித்திருக்க வேண்டும். நலவாழ்வுத் தொழில்முறையாளர் என்போருக்கு அது 3,600 மணி நேரம். மருத்துவமனை சார்ந்த உளவியலாளர்கள் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே தனியாகப் பதிவு செய்யப்படுகின்றனர்.

'இத்தனை நாள் சட்டமா இருந்தது? அன்புள்ளம் இருந்தால் போதாதா?' என்று கேட்போர் உண்டு. அவர்களிடம் நாம் ஒன்றைக் கேட்கலாம். மூன்று மாதப் பயிற்சி பெற்ற ஒருவர், எவ்வளவு அன்புள்ளவராயினும், நம் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை செய்ய நாம் சம்மதிப்போமா? உடலுக்குச் சம்மதிக்காததை உள்ளத்துக்கு மட்டும் எப்படிச் சம்மதிப்பது? உள்ளத்தின் காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் அதைத் தவறாகத் தொட்டவரின் தவறும் வெளியே தெரிவதில்லை. முறையற்ற ஆற்றுப்படுத்துதலால் காயமுற்றவர் புகார் எழுதுவதில்லை. 'இனி யாரிடமும் பேசமாட்டேன்' என்று தமக்குள் முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே புதிய விதிகளைப் பகையாகப் பார்க்க வேண்டியதில்லை. தொலைநிலைக் கல்வி என்பது, வேலையையும் குடும்பத்தையும் விட முடியாத எளிய மக்களுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பாக இருந்தது என்பதும், அது அடைபட்டதால் வசதியற்றோரே அதிகம் பாதிக்கப்படுகின்றனர் என்பதும் உண்மை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கான தீர்வு, குறைந்த பயிற்சியோடு ஏழைகளிடம் செல்வதாக இருக்க முடியாது. வசதியற்றவரும் முழுப் பயிற்சி பெற நாம் துணை நிற்பதே தீர்வாகும். இதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

நல்ல உள்ளம் மட்டும் போதுமா?

யோபுவின் நண்பர்களை நாம் எப்போதும் குறை கூறியே பழகிவிட்டோம். ஆனால் அவர்கள் தொடக்கத்தில் செய்தது அருமையானது. நண்பனின் துயரைக் கேள்விப்பட்டு வெகு தொலைவிலிருந்து வந்தார்கள்; ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள் (யோபு 2:11-13). இன்றைய பயிற்சிக் கூடங்களில் கற்றுத்தரப்படும் முதல் பாடமும் இதுவே. அவர்கள் எங்கே தவறினார்கள்? யோபு தம் வேதனையைக் கொட்டத் தொடங்கியதும் அவர்களால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த வேதனைக்கு உடனே ஒரு காரணம் சொல்லியாக வேண்டும், கடவுளுக்காக வாதாடியாக வேண்டும் என்று துடித்தார்கள். நல்ல உள்ளத்தோடு வந்தவர்களே இறுதியில் அவருக்குச் சுமையானார்கள்.

பிறருடைய வேதனையின் முன் நமக்குள் எழும் பதற்றத்தை அறிந்து, அதை அடக்கி, எதிரே இருப்பவருக்கு இடம் கொடுப்பது பிறவிக் குணமாக வருவதல்ல. 'எல்லாம் சரியாகிவிடும்', 'செபமாலை சொல்லுங்கள்', 'உங்களைவிடக் கஷ்டப்படுபவர்கள் இருக்கிறார்கள்' என்று நாம் சொல்வதெல்லாம் பல வேளைகளில் அவரைத் தேற்றுவதற்காக அல்ல, நம் பதற்றத்தைத் தணித்துக்கொள்வதற்காகவே. செபம் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. ஒருவர் பேசி முடிக்கும் முன்பே அவர் வாயை அடைப்பதற்குச் செபத்தைப் பயன்படுத்தலாகாது என்றே சொல்கிறோம்.

அருள்பணியில் இறையியல் கோட்பாடுகளோடு உளவியல், சமூகவியல் போன்ற துறைகளின் கண்டுபிடிப்புகளையும் அறிந்து பயன்படுத்த வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் 62-ஆம் எண்ணில் கற்பித்தது. திருத்தந்தை பிரான்சிஸ், பிரெஞ்சு சமூகவியலாளர் டொமினிக் வோல்டனுடன் நிகழ்த்திய உரையாடல்களின் நூல் 2017-இல் வெளியானது. தமது 42-ஆம் வயதில் யூதரான உளப்பகுப்பாய்வாளர் ஒருவரிடம் ஆறு மாத காலம் வாரந்தோறும் சென்றதை அவர் அதில் வெளிப்படையாகக் கூறினார். நாளைய திருத்தந்தை ஒருவருக்கே தேவைப்பட்ட உதவி, நமக்குத் தேவைப்படுவதில் வெட்கமில்லை. அந்த உதவியைத் தரப்போகிறவர் நன்கு பயின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதிலும் தவறில்லை.

பாதி வழியில் ஏன் தளர்கிறோம்?

'நிறுத்திவிடலாமா?' என்ற எண்ணம் எல்லோருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை. காரணத்தைப் பிரித்துப் பார்க்காமல் எடுக்கும் முடிவு தவறாகிவிட வாய்ப்புண்டு.

சிலருக்குக் காரணம் பணமும் நேரமும். கட்டணத்துக்காக நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. நேர்முக வகுப்புக்காக ஒவ்வொரு முறையும் மாமியாரிடமும் கணவரிடமும் அனுமதி கேட்க வேண்டியவர்கள் உண்டு. இவர்களின் தளர்ச்சி அழைத்தல் இல்லை என்பதற்கு அடையாளம் அல்ல; அது துணை இல்லை என்பதற்கே அடையாளம்.

சிலருக்குக் காரணம் உள்ளே இருக்கிறது. பயிற்சியின் ஒரு கட்டத்தில் ஒவ்வொருவரும் தம் சொந்த வாழ்வைத் திரும்பிப் பார்க்க வேண்டி வருகிறது. சிறுவயதில் பட்ட அடி, தந்தையின் குடி, அழுது தீர்க்காத ஒரு மரணம் ஆகியவை மீண்டும் மேலே வருகின்றன. பிறருக்கு உதவக் கற்க வந்த இடத்தில் தாமே அழ நேரிடும்போது, 'நான் இதற்குத் தகுதியற்றவள்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்கு அப்போதுதான் பயிற்சி தொடங்குகிறது. தன் காயம் எது என்று அறியாதவர், எதிரே இருப்பவரின் காயத்தில் தன்னுடையதையே காண்பார். அவருக்குச் சொல்வதாக எண்ணித் தனக்கே ஆறுதல் சொல்லிக்கொள்வார். ஆனால் அந்தக் காயம் ஆறுவதற்குக் காலம் தேவைப்படலாம். ஓராண்டு இடைவெளி விட்டு, தாமே ஒருவரிடம் உதவி பெற்ற பின் திரும்பி வருவது பயிற்சியை நிறுத்துவதாகாது.

வேறு சிலருக்கு, முதன்முதலில் ஒருவரை நேரில் சந்தித்துத் தம்மால் எதையும் மாற்ற முடியாமல் போனதே காரணம். ஒருமுறை பேசியவுடன் குடிப்பவர் குடியை விட்டுவிடுவார், பிரிந்தவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு உடைகிறது. அது உடைய வேண்டியதுதான். இன்னும் சிலருக்கோ, இது தமக்கு ஏற்ற பணியல்ல என்ற தெளிவு அமைதியாகப் பிறக்கிறது. அதையும் நாம் மதிக்க வேண்டும்.

இக்காரணங்களைப் பிரித்தறிய புனித லொயோலா இஞ்ஞாசியார் தமது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் வகுத்துத் தந்த விதி ஒன்று பெரிதும் உதவும். உள்ளம் வறண்டு, இருண்டு, சோர்ந்திருக்கும் நேரத்தில், முன்பு தெளிவான மனநிலையில் எடுத்த முடிவை மாற்றலாகாது என்பதே அவ்விதி. தேர்வில் தோற்ற அன்று இரவு முடிவெடுக்க வேண்டாம். வழிகாட்டி கடிந்துகொண்ட மறுநாள் முடிவெடுக்க வேண்டாம். நாளிதழில் புதிய விதியைப் படித்துப் பயந்துபோன அந்த வாரத்திலும் முடிவெடுக்க வேண்டாம். சோர்வு நீங்கி உள்ளம் அமைதியடைந்த பின்னும் 'இது எனக்குரியதல்ல' என்ற எண்ணம் அமைதியைக் குலைக்காமல் நிலைத்திருந்தால், அப்போது அதைக் கேட்கலாம்.

அமர்ந்து கணக்குப் பார்ப்போம்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தம்மிடம் இருப்பது போதுமா என்று கணக்குப் பார்க்கமாட்டாரா என்று ஆண்டவர் இயேசு கேட்டார் (லூக்கா 14:28-30). சீடத்துவம் பற்றிச் சொல்லப்பட்ட இந்த உவமை நமது கேள்விக்கும் பொருந்தும். கணக்குப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு அல்ல. பயிற்சியில் இருப்போர் மூன்று கேள்விகளைத் தங்களுக்குள் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது: என்னைத் திருத்த ஒருவரை நான் அனுமதிக்கிறேனா? ஆற்றுப்படுத்துநர், தாம் நடத்தும் சந்திப்புகளை அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வைக்குத் தொடர்ந்து உட்படுத்த வேண்டும். மோசே காலை முதல் மாலை வரை தனியாக அமர்ந்து மக்களின் வழக்குகளைக் கேட்டபோது, அவருடைய மாமனார் இத்திரோ அதைக் கவனித்து, இப்படித் தனியாகச் செய்வது நல்லதல்ல, நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவர் என்ற பொருளில் எச்சரித்தார் (விப 18:13-18). மோசேயும் கேட்டுக்கொண்டார். கடவுளோடு உரையாடிய மோசேக்கே ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். 'எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை' என்பவர் எத்தனை பட்டம் பெற்றாலும் இப்பணிக்கு ஆபத்தானவர்.

இரண்டாவது: கேட்டதை என்னுள்ளேயே வைத்திருக்க என்னால் முடியுமா? ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே அன்பியத்தில் செபிக்கும் நமது சூழலில் இது எளிதல்ல. 'டீச்சர், உங்களிடம் மட்டும் சொல்கிறேன்' என்று தொடங்கியது, மறுவாரம் பெயரில்லாமல் ஒரு செபக் கருத்தாக வெளிவந்தாலும் போதும், சொன்னவர் உடைந்துபோவார். அதே வேளையில், ஆற்றுப்படுத்துநர் காக்கும் இரகசியம் ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரை போன்றதும் அல்ல. அந்த முத்திரை எக்காரணத்தாலும் மீறப்பட முடியாதது. ஆற்றுப்படுத்துநரின் இரகசியத்துக்கோ எல்லை உண்டு. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளானதை அறிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்கத் தவறுவது குற்றம். 'குடும்ப மானம் போய்விடும்', 'பங்கின் பெயர் கெட்டுவிடும்' என்ற குரல்கள் எழும்போது குழந்தையின் பக்கம் நிற்கும் துணிவு நமக்கு உண்டா என்று இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது: என்னால் முடியாததை 'முடியாது' என்று சொல்ல எனக்குத் தெரியுமா? யாரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், எப்போது உடனே அனுப்ப வேண்டும் என்று அறிவது பயிற்சியின் முக்கியப் பகுதி. காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்பவரை, பேய் பிடித்ததாக எண்ணும் உறவினரிடமிருந்து மீட்டு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பதும் ஆற்றுப்படுத்துதலே. எல்லாரையும் தாமே குணமாக்க வேண்டும் என்ற ஆசை, வெளிப்பார்வைக்குச் சேவையாகத் தெரிந்தாலும் உள்ளே தன்னலம் கலந்தது.

இம்மூன்றுக்கும் 'ஆம், அல்லது கற்றுக்கொள்ள விரும்புகிறேன்' என்று சொல்ல முடிந்தவர்கள், வழி நீண்டாலும் தொடர வேண்டும் என்பதே நம் கருத்து. அங்கீகாரம் உள்ள நேரடிப் படிப்புக்கு மாற வேண்டியிருந்தால் மாறட்டும். இரண்டாண்டு நான்காண்டு ஆகலாம், ஆகட்டும். திண்டுக்கல் அருகே நொச்சியோடைப்பட்டியில் கப்புச்சின் சபையார் நடத்தும் அனுகிரகா போன்று, இப்பயிற்சிக்கென்றே உழைத்துவரும் கத்தோலிக்க நிறுவனங்கள் நம்மிடம் உள்ளன.

நிறுத்துபவர் தோற்றவர் அல்ல

தொடர முடியாதவர்களுக்கும், தொடர வேண்டாம் என்று தெளிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கற்றது வீணாகவில்லை. எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் முதலில் செய்தது என்ன? அவர்களோடு நடந்தார்; என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார்; தமக்கே தெரிந்த கதையை அவர்கள் வாயால் முழுவதும் சொல்லவிட்டார் (லூக்கா 24:13-24). விளக்கம் அதன் பிறகுதான் வந்தது. இப்படிக் காது கொடுக்கும் பணிக்குப் பதிவெண் தேவையில்லை. சென்னையில் 1986-இல் தொடங்கப்பட்ட சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தன்னார்வலர்களுக்குப் பயிற்சியளித்து, மனமுடைந்தோர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பணியைச் செய்துவருகிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகும், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களே வீடு வீடாகச் சென்று மக்களோடு அமர்ந்தார்கள்.

நோயாளர் சந்திப்பில், வின்சென்ட் தே பவுல் சபையில், மரியாயின் சேனையில், இறப்பு நேர்ந்த வீட்டில் இப்படிக் கேட்பவர் ஒருவர் இருந்தால் எவ்வளவு நலம்! ஒரே ஒரு நிபந்தனை: செவிமடுப்பவர் தம்மை ஆற்றுப்படுத்துநர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. தன் எல்லையை அறிந்தவர் செய்யும் சிறிய பணி, எல்லை அறியாதவர் செய்யும் பெரிய பணியைவிட மேலானது.

பங்கும் பள்ளியும் செய்ய வேண்டியவை

இதுவரை பயிற்சியில் இருப்போரிடம் பேசினோம். ஆனால் பொறுப்பு முழுவதையும் அவர்கள் தோளில் ஏற்றுவது நியாயமல்ல.

நமது மறைமாவட்டப் பள்ளிகளும் துறவற சபைகளின் பள்ளிகளும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எப்படி நிறைவேற்றப் போகின்றன? நீதிபோதனை வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கே 'ஆற்றுப்படுத்துநர்' என்ற பெயர்ப்பலகையையும் மாட்டிவிட்டால் கோப்பு நிறைவடையும், பிள்ளை நிறைவடையமாட்டாள். காலையில் மதிப்பெண் குறைந்ததற்குத் திட்டியவரிடமே மாலையில் மனம் திறந்து பேச எந்தப் பிள்ளையால் முடியும்? தகுதியுள்ளவரை முறையான ஊதியத்தோடு அமர்த்துவதும், பேசுவது வெளியே கேட்காத ஓர் அறையை ஒதுக்குவதும் செலவுதான். புதிய அலங்கார வளைவுக்கும் ஆண்டு விழா மேடைக்கும் செலவிட நாம் தயங்குவதில்லையே.

பங்கு அளவிலும் சிலவற்றைச் செய்யலாம். தகுதியுள்ள ஒருவரின் படிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பங்குப் பேரவை ஏற்கலாம். திருவிழாச் செலவில் ஒரு நாள் வாணவேடிக்கையைக் குறைத்தாலே அதற்கு வழி பிறக்கும். அருகிலுள்ள மனநல மருத்துவர்கள், குடிநோய் மறுவாழ்வு மையங்கள் பற்றிய விவரங்களைப் பங்கு அலுவலகத்தில் வைக்கலாம். ஒன்றிய அரசின் டெலி மானஸ் திட்டத்தின் 14416 என்ற எண்ணைக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவையைத் தமிழிலும் கட்டணமின்றிப் பெறலாம். ஆற்றுப்படுத்துதல் முடித்து வருபவரிடம் 'நம்ம பங்குதானே, சும்மா செய்யக்கூடாதா?' என்று கேட்பதையும் நிறுத்துவோம். உழைப்பவர் தம் கூலிக்கு உரிமை உடையவர் என்பது நற்செய்தியின் போதனை. ஏழைகளுக்கு இலவசமாக வழங்க விரும்பினால், அந்தச் செலவை நாம் ஏற்போம்.

இதற்கெல்லாம் முன்னதாக, உதவி தேடிச் செல்பவரை 'பைத்தியம்' என்று ஏளனம் செய்யும் வழக்கம் நம் வாயிலிருந்து நீங்க வேண்டும். தற்கொலையால் இறந்தோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி 2283-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அப்படியிருக்க, அவர்களின் குடும்பத்தார் மீது நாம் குத்தும் முத்திரைக்கு எந்த நியாயமும் இல்லை. மனச்சோர்வால் துன்புறுவோருக்காக 2021 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் செபிக்க அழைத்தார். 2025 நவம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோ தற்கொலைத் தடுப்பைத் தம் செபக் கருத்தாகத் தந்தார். திருச்சபை செபித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் செபத்துக்குக் கையும் காலும் தருவது நம் பொறுப்பு.

பயிற்சியின் பாதி வழியில் நிற்கும் சகோதர சகோதரிகளே, நீங்கள் எடுக்கப்போகும் முடிவின் அளவுகோல் உங்கள் சான்றிதழும் அல்ல, பிறர் சொல்லும் பாராட்டும் அல்ல. இன்னும் சில ஆண்டுகள் கழித்து, எல்லாக் கதவுகளையும் தட்டிக் களைத்து, கடைசி நம்பிக்கையாக உங்கள் முன் ஒருவர் வந்து அமர்வார். அவருக்குக் கிடைக்க வேண்டியது என்ன என்பதே அளவுகோல். அவரை மனத்தில் வைத்துச் செபியுங்கள், உங்களை அறிந்த வழிகாட்டி ஒருவரிடம் பேசுங்கள், அவசரப்படாமல் முடிவெடுங்கள். தொடர்ந்தாலும் நிறுத்தினாலும், உங்கள் முடிவை மதித்து உங்களோடு நடக்கும் பங்குச் சமூகமாக நாமும் மாறுவோம். ஆறுதலின் இறைவன் நம் எல்லாரையும் வழிநடத்துவாராக!